தோட்டத்துக் கணினி அறையில் இணைய வேகத்துக்கு வரம்பு: எது நடந்தால் எங்கே பார்ப்பது

மாலை நாலரை மணிக்கு எங்கள் கணினி அறை நிறைந்துவிடும். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பழைய பிள்ளைக் காம்பராவைத் திருத்தி எடுத்த அறை, 12 கணினி, ஜன்னலோரம் ஒரு 4ஜி ரவுட்டர். உயர்தரப் பிள்ளைகள் கொழும்பில் இருந்து நடக்கும் சூம் வகுப்பில் இருப்பார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் சின்னப் பிள்ளைகள் பாட வீடியோ பார்ப்பார்கள். இதற்கிடையில் ஏதோ ஒரு கணினி தானாகவே அப்டேட்டை இறக்கத் தொடங்கும். அந்த நிமிடமே எல்லோருக்கும் குரல் வெட்டும். பௌதிகவியல் வகுப்பில் கேள்வி கேட்கக் கை உயர்த்திக் காத்திருந்த ஒரு மகள், தன் முறை வந்ததும் பேசினாள். அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. ஆசிரியர் அடுத்தவருக்குப் போய்விட்டார். அன்று இரவுதான் வேகத்துக்கு வரம்பு போட உட்கார்ந்தேன். ஒரே இரவில் சரிவரவில்லை. அப்போதும் அதற்குப் பிறகும் சந்தித்த கோளாறுகளை, அவை வெளியே எப்படித் தெரியும் என்பதை வைத்து வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அமைப்பு இது. டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினியில் இரண்டு வலையட்டைகள். ஈத்0 ரவுட்டர் பக்கம், ஈத்1 அறையின் சுவிட்ச் பக்கம். எல்லாக் கணினிகளும் இந்த ஒன்றின் வழியாகத்தான் வெளியே போகும். வரம்பு போடும் கருவியின் பெயர் டிசி. ஐபிரூட்2 தொகுப்பில் வருவது, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும். கட்டளைகளை நான் போனில் சொல்லிக் கொடுப்பது போல ஒலியிலேயே எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, காலையிலும் மாலையிலும் இரவிலும் வேகப் பரிசோதனை. எங்களுக்குக் காலையில் இறக்கம் 28 மெகாபிட் வந்தது, மாலையில் 12, ஏற்றம் எப்போதும் 3 அளவில். இரண்டு, பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டே 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரம். சும்மா இருக்கும்போது 50 மில்லிசெக்கன்ட் காட்டுவது, இறக்கும்போது 900, 1,200 என்று ஏறினால் உங்கள் நோய் அந்தத் தாமதம்தான். வேகம் போதாமை பிறகுதான். இந்தப் பிங் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீழே எல்லா இடத்திலும் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

வரம்பு போட்டாயிற்று, இறக்கும் வேகம் குறையவே இல்லை

முதலில் எல்லோரும் விழும் குழி இது. நானும் ஈத்0இல் 10 மெகாபிட் என்று போட்டுவிட்டுப் பார்த்தேன். வீடியோ முன்பு போலவே இழுத்துக்கொண்டிருந்தது.

இணையத்தில் தரவு பொதி என்ற சின்னத் துண்டுகளாகத்தான் போய் வரும். ஒரு வலையட்டை, தான் அனுப்பும் பொதிகளைத்தான் வரிசையில் நிறுத்த முடியும். வந்து சேர்ந்ததை நிறுத்த முடியாது. கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் யார் முதலில், யார் பிறகு என்று ஒழுங்கு செய்யலாம். கூடையோடு மலை இறங்கி வந்து நிற்பவரை வராதே என்று சொல்லிப் பயன் இல்லை, அவர் வந்துவிட்டார். ஈத்0இல் நான் போட்ட வரம்பு ஏற்றத்துக்கு மட்டும் வேலை செய்தது. 3 மெகாபிட் ஏற்றத்துக்கு 10 மெகாபிட் வரம்பு போட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

இரண்டு வலையட்டை இருப்பவர்களுக்குத் தீர்வு எளிது. இணையத்தில் இருந்து வருவது ஈத்0இல் நுழைந்து, ஈத்1 வழியாக அறைக்குள் *அனுப்பப்படுகிறது*. இறக்கத்துக்கான வரம்பை ஈத்1இல் போடுங்கள். கட்டளையில் வரும் கேக் என்பது பொதிகளை வரிசையில் நிறுத்தி ஒழுங்கு செய்யும் முறை:

டிசி கியூடிஸ்க் ரிப்ளேஸ் டெவ் ஈத்1 ரூட் கேக் பேண்ட்வித் 10எம்பிட்

ஏற்றத்துக்கு ஈத்0:

டிசி கியூடிஸ்க் ரிப்ளேஸ் டெவ் ஈத்0 ரூட் கேக் பேண்ட்வித் 2500கேபிட் நாட்

நாட் என்பது இல்லை என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் அல்ல. முகவரி மாற்றத்தைக் குறிக்கும் என், ஏ, டி என்ற மூன்று எழுத்து. அது ஏன் தேவை என்பது கீழே வரும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பொதி ஏற்கெனவே 4ஜி இணைப்பைக் கடந்து வந்துவிட்டதே, அதற்குப் பிறகு தாமதப்படுத்தி என்ன லாபம்? லாபம் இருக்கிறது. டிசிபி என்ற முறையில் அனுப்புபவர், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வரும் வேகத்தைப் பார்த்தே அடுத்ததை அனுப்புகிறார். இங்கே நாம் சில பொதிகளைத் தாமதித்தால், சிலவற்றைக் கைவிட்டால், தூரத்தில் இருக்கும் சேர்வர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரே வலையட்டை உள்ள தனிக் கணினி என்றால் ஐஎஃப்பி என்ற போலி இடைமுகம் வேண்டும். மோட்ப்ரோப் ஐஎஃப்பி என்று அடித்தால் ஐஎஃப்பி0 தோன்றும், அதை உயிர்ப்பியுங்கள். ஈத்0இல் இங்க்ரஸ் என்ற வரிசையைச் சேர்த்து, வருவதை எல்லாம் மிர்ரெட் ரீடிரெக்ட் மூலம் ஐஎஃப்பி0க்குத் திருப்புங்கள். பிறகு ஐஎஃப்பி0இல் கேக்கைப் போட்டு, கடைசியில் இங்க்ரஸ் என்ற சொல்லையும் சேருங்கள். உள்ளே வருவது ஐஎஃப்பியில் இருந்து வெளியே போவது போல ஆகிவிடும், வரிசையில் நிறுத்தலாம்.

2 கேட்டேன், 16 தருகிறது

அலகுப் பிழை. டிசியில் எம்பிட் என்றால் ஒரு செக்கனுக்கு மெகாபிட். எம்பிபிஎஸ் என்று எழுதினால் அது மெகா*பைட்* என்று எடுத்துக்கொள்ளும், 8 மடங்கு. இணையச் சேவைக்காரர்களின் விளம்பரத்தில் அதே எம்பிபிஎஸ் மெகாபிட்டைக் குறிப்பதால் கை தானாக அதையே அடித்துவிடும். அலகே போடாமல் வெறும் 10 என்று விட்டால் செக்கனுக்கு 10 பிட். அறையே நின்றுவிடும்.

கோப்பு அனுப்பும், இறக்கும் மற்றக் கருவிகளும் ஆளுக்கொரு அலகு. எஸ்சிபியின் வரம்பு கிலோபிட்டில், ஆர்சிங்கின் வரம்பு கிலோபைட்டில், டபிள்யூகெட்டில் பைட். வரம்பு போடும் வொண்டர்ஷேப்பர் கிலோபிட். புதிதாக எதையாவது தொடும்போது முதலில் இதைப் பாருங்கள். 250 கிலோபைட் தான் 2 மெகாபிட்.

கட்டளையே ஏற்கவில்லை

ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ் என்று வந்தால் அந்த இடைமுகத்தில் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. ஆட் என்பதற்குப் பதில் ரிப்ளேஸ் போடுங்கள். ஒபரேஷன் நொட் பெர்மிட்டட் என்றால் சூடோ மறந்துவிட்டது. கெனாட் ஃபைண்ட் டிவைஸ் என்றால் பெயர் பிழை. இப்போதைய லினக்ஸ்களில் ஈத்0 என்ற பெயர் அரிது. ஐபி லிங்க் என்று அடித்து உண்மையான பெயரைப் பாருங்கள். கேக்கைத் தெரியாது என்று சொன்னால் கேர்னல் பழையது. 2018இல் வந்த 4.19இல்தான் அது சேர்ந்தது. அதற்கு முந்தியது என்றால், வேகத்தை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கும் எச்டிபியை வைத்து, அதன் கீழ் வரிசையை ஒழுங்கு செய்யும் எஃப்கியூ கோடெலைப் போடலாம். கைமீறிப் போனால் டிசி கியூடிஸ்க் டெல் டெவ் ஈத்1 ரூட். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும், பயப்பட வேண்டாம்.

வரம்பை விட மிகவும் குறைவாக வருகிறது

பழைய குறிப்புகளில் இருந்து டிபிஎஃப் என்ற பழைய வரம்பு முறையின் கட்டளையை எடுத்துப் போடுபவர்களுக்கு இது நடக்கும். பேர்ஸ்ட் 1540 என்று பல இடங்களில் இருக்கும். அது 220 கிலோபிட் வேகத்துக்கான பழைய உதாரணத்தில் வருவது. பேர்ஸ்ட் என்பது வாளியின் கொள்ளளவு. சின்ன வாளியை வைத்துக்கொண்டு பெரிய வேகம் கேட்டால் எட்டாது. 10 மெகாபிட்டுக்குக் குறைந்தது 10 கிலோபைட் வேண்டும்; நான் 32 வைப்பேன்.

வாளி சரியாக இருந்தும் வரவில்லை என்றால் வலையட்டையைப் பாருங்கள். சின்னப் பொதிகளைச் சேர்த்து 64 கிலோபைட் வரை ஒரே கட்டாகக் கொடுக்கும் வசதி இப்போதைய அட்டைகளில் உண்டு. மீறியதை வரிசையில் நிறுத்தாமல் கைவிடும் பொலிஸ் என்ற முறையில் வரம்பு போட்டிருந்தால், அந்தக் கட்டு வாளிக்குள் அடங்காமல் முழுதாகக் கைவிடப்படும். ஈத்டூல் என்ற கட்டளையில், ஜிஆர்ஓ என்ற அந்தச் சேர்க்கும் வசதியை நிறுத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3இல் யூடிபி சோதனை செய்து எப்போதும் 1 மெகாபிட் மட்டும் வருகிறது என்றால் அது உங்கள் பிழை அல்ல. அதன் இயல்பு அளவே 1 மெகாபிட். பி என்ற தெரிவில் வேகத்தைச் சொல்லுங்கள்.

வரம்பு சரியாக நிற்கிறது, ஆனாலும் குரல் வெட்டுகிறது

இதற்குத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. மலைநாட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

வரிசை எப்போதும் மிக ஒடுக்கமான இடத்தில்தான் சேரும். மாலையில் கோபுரம் எங்களுக்கு 6 மெகாபிட்தான் தருகிறது, நான் வரம்பை 10இல் வைத்திருக்கிறேன் என்று வையுங்கள். என் கணினியில் வரிசையே இருக்காது. வரிசை கோபுரத்துப் பக்கம் போய் நிற்கும். அங்கே சூம் பொதியும் அப்டேட் பொதியும் ஒரே வரிசையில், யாரும் ஒழுங்கு செய்ய ஆள் இல்லாமல் நிற்கும். கருவிகளுக்குள் இப்படி அளவுக்கு மீறித் தேங்குவதை 2010 அளவில் ஜிம் கெட்டிஸ் விளக்கி, பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். அதற்கு மருந்தாக 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கேக்கும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் வரிசை அதன் கைக்குள் இருந்தால்தான் அந்த மருந்து வேலை செய்யும்.

வரிசை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நெரிசல் நேரத்தில் டிசி மைனஸ் எஸ் கியூடிஸ்க் ஷோ டெவ் ஈத்1 என்று சில தடவை அடியுங்கள். வரிசையில் காத்திருப்பதைக் காட்டும் பேக்லொக் என்ற இடத்தில் பூச்சியம், பிங்கோ 900 என்றால் வரிசை உங்களிடம் இல்லை. வரம்பை 8க்கு இறக்குங்கள், பிறகு 6, பிறகு 5. பேக்லொக் தோன்றி, பிங் 100க்குக் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வயர் இணைப்பு என்றால் அளந்த வேகத்தில் 90 வீதம் போதும். 4ஜியில் அந்தக் கணக்கு நிற்காது, ஏனென்றால் அளந்த வேகமே நிற்பதில்லை.

பனி மூடினால் சிக்னல் போகும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கைபேசிகள் பயன்படுத்தும் அலைகளுக்குப் பனியோ மழையோ பெரிய தடை அல்ல. மலைதான் தடை, கோபுரத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு முகடு இருந்தால் ரவுட்டரை ஒரு ஜன்னலில் இருந்து மறு ஜன்னலுக்கு மாற்றுவதே எந்தக் கட்டளையையும் விடப் பெரிய உதவி. ஒரு கோபுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு நுண்ணலையில் போகும் இணைப்புகள் வேறு. அவை உயர்ந்த அலைவரிசையில் ஓடுவதால் கடும் மழை அவற்றைத் தளர்த்தும். அப்புறம் மிக முக்கியமானது, மாலை. வேலை முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பி, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளோடு வீடியோ அழைப்பில் பேசும் நேரம். ஒரே கோபுரத்தை எல்லோரும் பங்கிடுகிறோம்.

அதனால் நான், குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரோனில் இரண்டு வரம்பு வைத்திருக்கிறேன். காலையில் இருந்து மாலை 4 மணி வரை 20 மெகாபிட், 4 முதல் இரவு 10 வரை 5. கோட்டின் நிலையைத் தானாக அளந்து வரம்பை ஏற்றி இறக்கும் கேக்-ஆட்டோரேட் என்ற நிரலும் இருக்கிறது, ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். 12 தரக்கூடிய கோட்டை ஏன் 5இல் கட்டிப்போடுகிறாய் என்று ஒரு தம்பி கேட்டான். வேகப் பரிசோதனையில் பெரிய எண் தெரிவதை விட, பேசும் பிள்ளையின் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது எனக்கு முக்கியம். 5 மெகாபிட்டில், கமெராவை நிறுத்தி வைத்தால், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வகுப்பில் இருக்கிறார்கள்.

இறக்கத்தைச் சரிசெய்தும் வெட்டுகிறது என்றால் ஏற்றத்தைப் பாருங்கள். இறங்கும் ஒவ்வொரு இரண்டு பொதிக்கும் பொதுவாக ஓர் ஒப்புகை மேலே போக வேண்டும். ஒரு போன் படங்களை எல்லாம் பக்கப்பில் ஏற்றத் தொடங்கினால் அந்த ஒப்புகைகள் பின்னால் மாட்டிக்கொள்ளும், இறக்கமும் படுத்துவிடும். 3இல் 2.5 என்று நான் வைத்தது இதற்காகத்தான்.

ஒருவரே எல்லாவற்றையும் இழுக்கிறார்

ஐடிஎம் போன்ற இறக்கக் கருவிகள் ஒரே கோப்புக்குப் பல இணைப்புகளைத் திறக்கும். இணைப்புக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் 16 இணைப்பு திறந்தவருக்கு 16 பங்கு. ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்க, ஈத்1இன் கட்டளைக் கடைசியில் டூவல்-டெஸ்ட்ஹோஸ்ட் என்றும், ஈத்0இல் டூவல்-எஸ்ஆர்சிஹோஸ்ட் என்றும் சேருங்கள். ஈத்0இல் முகவரிகள் ஏற்கெனவே ஒன்றாக மாற்றப்பட்டிருக்கும். நாட் என்ற சொல் இல்லாவிட்டால் 12 கணினியும் கேக்குக்கு ஒரே ஆளாகத் தெரியும். எச்டிபியில் கணினி முகவரியை வைத்து வடிகட்டி எழுதி, ஈத்0இல் எதுவும் பொருந்தவில்லை என்று குழம்புபவர்களுக்கும் காரணம் இதுவே.

சிலருக்கு மட்டும் வரம்பு பிடிப்பதில்லை

முதலில் போய் அவர்களின் போனைப் பாருங்கள். ரவுட்டரின் சொந்த வைஃபை திறந்திருந்தால் அவர்கள் உங்கள் கணினியைத் தொடாமலே நேராக வெளியே போகிறார்கள். எங்களிடம் அதுதான் நடந்தது. ரவுட்டரின் வைஃபையை நிறுத்திவிட்டு, சுவிட்ச் பக்கம் தனி அக்சஸ் பொயின்ட் வைத்தேன்.

அது இல்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். வடிகட்டியில் ப்ரோட்டோகோல் ஐபி என்று மட்டும் எழுதியிருந்தால், புதிய முகவரி முறையான ஐபிவி6 தப்பிவிடும். பெரிய வீடியோத் தளங்கள் பெரும்பாலும் ஐபிவி6இலும் வரும். எச்டிபியில் டிஃபோல்ட் சொல்லாமல் விட்டால், எந்த வகுப்பிலும் சேராத பொதிகள் வரம்பே இல்லாமல் முழு வேகத்தில் போகும். மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் ஃபாஸ்ட்ட்ராக் விதியை நிறுத்துங்கள், அது இருக்கும்வரை சிம்பிள் கியூவை அந்தப் பொதிகள் தொடாது.

வரம்பு போட்ட பிறகு அறைக்குள்ளேயே மெதுவாகிவிட்டது

டேட்டா மிச்சம் பிடிக்கப் பாட வீடியோக்களை அதே லினக்ஸ் கணினியில் சேமித்து வைத்திருக்கிறோம். ஈத்1இல் 5 மெகாபிட் போட்டதும், இணையமே தேவையில்லாத அந்த வீடியோக்களும் 5இல் நின்றன. சின்னப் பிள்ளைகள் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஈத்1 வழியாகப் போவது எல்லாமே வரம்புக்குள் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

இதற்கு எச்டிபி சரி. ஈத்1இல் எச்டிபி டிஃபோல்ட் 20. அதன் கீழ் இரண்டு வகுப்பு: 1:10க்கு 900எம்பிட், 1:20க்கு 5எம்பிட். புறப்படும் முகவரி இந்தக் கணினியின் சொந்த முகவரி என்றால் 1:10க்குப் போகட்டும் என்று ஒரு வடிகட்டி. மற்றவை தாமாகவே 20இல் விழும். 1:20இன் கீழ் எஃப்கியூ கோடெல் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குரல் மறுபடி வெட்டும். அதே கணினியில் ஸ்குவிட் போன்ற பிரொக்ஸி ஓடினால் இந்த வழி சரிவராது, இணையத்தில் இருந்து வருவதும் சொந்த முகவரியில் இருந்து வருவதாகவே தெரியும். அப்போது ஈத்0இல் ஐஎஃப்பி வைப்பதே நல்லது. ஆளுக்கு ஒரு பங்கு என்ற பிரிப்பு மட்டும் அங்கே கிடைக்க, ஐஎஃப்பியின் கேக்கிலும் நாட் சேர்க்க வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் வரம்பு காணாமல் போகிறது

டிசி எதையும் சேமித்து வைக்காது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, சிஸ்டம்டி சேவையாக, வலை எழும்பிய பிறகு ஓட விடுங்கள். யூஎஸ்பி டொங்கிள் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி மாட்டினாலும் வரம்பு போய்விடும். இடைமுகமே புதிதாகப் பிறக்கிறது. அவர்களுக்கு நெட்வேர்க்மேனேஜரின் டிஸ்பேச்சர் கோப்புறை பொருத்தம்.

லினக்ஸ் இல்லை, விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது

விண்டோஸின் குழுக் கொள்கை (குரூப் பொலிசி) அமைப்பில், இணைய வேகத்தில் ஒதுக்கியதாகக் காட்டும் 20 வீதத்தைப் பூச்சியம் ஆக்கினால் வேகம் கூடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த 20 வீதம் சும்மா பிடித்து வைக்கப்படுவது அல்ல, அதை மாற்றி ஒன்றும் வராது. உண்மையில் உதவுவது இரண்டு. வைஃபை இணைப்பின் பண்புகளில் மீட்டர்ட் கனெக்ஷன் என்பதை இயக்குவது. பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்குவது நின்றுவிடும். அடுத்தது, அப்டேட் அமைப்பில் டெலிவரி ஒப்டிமைசேஷன் உள்ளே இறக்கும் வேகத்துக்கு வரம்பு எழுதுவது. மற்றக் கணினிகளுக்குப் பகிரும் வசதியை, என் வலையில் உள்ளவை மட்டும் என்று வையுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அறைக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும்.

அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டாம். பிள்ளைகள் பென்டிரைவ் மாற்றி மாற்றிப் போடும் கணினிகள் இவை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அறையைத் திறந்து, வரம்பை எடுத்துவிட்டு, மூன்று மூன்று கணினியாக அப்டேட் செய்கிறோம். எட்டரைக்குப் பிள்ளைகள் வர முன்னம் முடிந்துவிடும்.